மயிலைக்காளையிடம் கேட்ட கேள்வி

வரப்போகிறவர் வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் திருச்சுழி வட்டார அலுவலகத்தில் விவசாய அலுவலராக இருந்த சண்முகவேல். 1968ஆம் வருஷம், தை மாதம். எங்கள் கிணற்றடிக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், பக்கத்தில் காய்ந்த பருத்திச்செடிகளைத் தவிர யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கு ஒரு வெள்ளைக்காரர் வாராரு. யோராம்னு பேரு. இஸ்ரேலு. மழையில்லாத மண்ணுல வெள்ளாமை பாக்குறதுல கெட்டிக்காரராம். ஆனா அவரு வரலை.”

“வாராரா, வரலையா சார்?” என்றேன்.

“வாராரும்மா. ஆபீசைப் பொறுத்தவரைக்கும் வரலை.”

இஸ்ரேல் என்று ஒரு நாடு இருப்பதை நம் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. தூதரகம் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே யோராம் மதுரைக் கோயில் பார்க்க வந்த பயணி. வழி தப்பி எங்கள் கிணற்றுக்கு வந்துவிடுவார். சண்முகவேல் அவரை வரவேற்கக் கூடாது, பேசக் கூடாது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் சொல்வதை ஒன்று விடாமல் கேட்டுப் போய் மேலிடத்தில் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த, அரசாங்கச் சம்பளம் வாங்காத ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்திதான். மதுரையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

“எங்களுக்கு என்ன கெடைக்கும்?”

“ஒங்க கெணத்தைப் பாப்பாருல்ல.”

அது எனக்கு வேண்டியிருந்தது. பி.டி. படித்து டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம் என்னைப் பெற்ற அய்யா ஒரே பதில்தான் வைத்திருந்தார். மிளகாய் விளைந்தால் படிப்பு, காய்ந்தால் கல்யாணம். கிணறு கொஞ்ச நேரம் இறைத்தாலே வறண்டது. செடிகள் மத்தியானம் ஆவதற்குள் இலையைச் சுருட்டிக்கொண்டன. குமாரலிங்கபுரத்தில் எட்டாவது ஃபெயிலான ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பியாயிற்று.

கிணறு எங்களுடையது மட்டும் இல்லை. பாதி, அய்யாவின் அண்ணன் கோட்டைச்சாமிக்குச் சொந்தம். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை கிழக்கே எங்களுக்கு ஒன்று, மேற்கே அவருக்கு ஒன்று. எனக்குக் காது குத்தியபோது அண்ணனை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல அய்யா மறந்துவிட்டார். மறந்ததாக அய்யா சொல்கிறார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அப்போது எனக்கு ஒரு வயது.

ஒரே கிணற்றில் இறைப்பவர்கள் முழுக்கப் பேசாமல் இருக்க முடியாது. அதனால் மாட்டிடம் பேசினார்கள். “ஏ செவலை, நாளைக்கு நாம பொழுது சாஞ்சுதான் எறைக்கப் போறோம், கேட்டுக்க” என்று அய்யா எங்கள் காளையின் காதில் அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். எதிர்ப்பக்கம் பெரியய்யா தன்னுடைய மயிலைக்காளையிடம், “சரிடா, அப்ப நாம வெள்ளனா எறைச்சுக்குவோம்” என்பார். சட்டம் ஒன்றே ஒன்றுதான். அவரவர் மாட்டிடம்தான் பேச வேண்டும். அடுத்தவர் மாட்டிடம் பேசினால் அந்த மாட்டுக்காரரிடமே பேசியதாக அர்த்தம். முதலில் அப்படிப் பேசுகிறவர் இறங்கி வந்தவர். இருபது வருஷமாக இரண்டு பேருமே இறங்கவில்லை.

மறுநாள் யோராம் மதுரையிலிருந்து வாடகைக் காரில் வந்து வழி தப்பினார். காக்கி டவுசர், துணித் தொப்பி. ஐம்பது வயது இருக்கும். நேராக சண்முகவேலிடம் போய்க் கையை நீட்டினார். சண்முகவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலிக்கருவேல மரத்தைப் பார்த்தார். அய்யா வானத்தைப் பார்த்தார். மேற்கே பெரியய்யா மயிலைக்கு உண்ணி பிடுங்க ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சார், மாட்டுக்கிட்டப் பேசுங்க.”

“என்னம்மா?”

“இங்க அப்படித்தான். நீங்க செவலையைக் கேளுங்க. நான் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்றேன். அவரும் செவலைக்கே பதில் சொல்லட்டும். நாளைக்கு யாராச்சும் கேட்டா, மாட்டோடதான் பேசுனேன்னு சொல்லுங்க.”

சண்முகவேல் தாமிரபரணிப் பாசனத்து ஆள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊரில் மாட்டிடம் பேசவேண்டிய அவசியம் வருவதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாடே... இந்தக் கெணத்துல ஏன் தண்ணி நிக்க மாட்டேங்குது?”

நான் யோராமிடம் கேள்வியையும் சொன்னேன், ஏற்பாட்டையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் இதுதான் வழக்கம்” என்றார். “பக்கத்து நாடுகளோடு பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஐரோப்பியர் இருப்பார். அவருக்கு நல்ல ஹோட்டலில் அறை போட வேண்டும். மாடு எவ்வளவோ தேவலை.” செவலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுக் கிணற்றுக்குள் இறங்கினார்.

ஏறி வந்தபோது இடுப்பு வரை சகதி. செவலையிடம் நிதானமாகச் சொன்னார். மேற்குப் பாறையில் ஒரு வெடிப்பு கசிகிறது. ஊற்று அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் ஒரு துளை போட்டால் இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர் காணும்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அய்யா முகம் மலர்ந்தது. மேற்கு யாருடையது என்று ஞாபகம் வந்ததும் அப்படியே சுருங்கியது. அந்தப் பக்கத் துளை, சைடு போர் என்பார்கள், பெரியய்யாவின் நிலத்துக்கு அடியில் போக வேண்டும்.

“அப்ப வேணாம்” என்றார்.

மிளகாயைப் பார்த்தேன். குமாரலிங்கபுரத்து மாப்பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தார்.

அதற்குள் சண்முகவேலுக்கு மாட்டோடு பேசுவது பிடித்துப் போயிருந்தது. நான் தடுப்பதற்குள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய், மயிலையின் முன்னால் நின்று குனிந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

“மயிலை, ஒங்க நெலத்துக்கு அடியில ஒரு சைடு போர் போடணும்னு இருளாண்டி கேக்குறாரு. சம்மதமா?”

இருளாண்டி என்பது அய்யா. கமலையில் இருந்த காக்கை பறந்து போனது எனக்குக் கேட்டது. பெரியய்யா உண்ணி பிடுங்குவதை நிறுத்தினார். எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டினார்.

“கேட்டுட்டான்டா மயிலை!” என்றார். “இருவது வருசங் கழிச்சுக் கேட்டுட்டான்!”

அய்யா என் பக்கம் பாய்ந்தார். “ஏத்தா மாரிக்கனி, நான் கேக்கலைன்னு சொல்லு. அந்தாளு வெவரமில்லாம ஒளறிட்டாருன்னு சொல்லு.”

“நான் இங்கிலீஷுக்குத்தான் வந்திருக்கேன். தமிழுக்கு வேற ஆளைப் பாருங்க.”

“என்னம்மா, தப்பாக் கேட்டுட்டேனா?” என்று சண்முகவேல் அங்கிருந்து கத்தினார்.

“ரொம்பச் சரியாக் கேட்டீங்க சார்!”

பெரியய்யா மயிலையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டார். “கேட்டு வந்தவனை இல்லைன்னு அனுப்புற ஆளா நாம? போட்டுக்கட்டும்டா. ஆனா ஒண்ணு. மாரிக்கனி கல்யாணத்துல முதப் பந்தியில முத எல எனக்கு. அதையும் அவன் கையால போடணும்.”

அய்யா மிளகாயைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். மறுபடி மிளகாயைப் பார்த்தார். பிறகு செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, “போடுவோம்” என்றார்.

என்ன முடிவானது என்று யோராம் கேட்டார். தண்ணீருக்கு ஈடாக என் கல்யாணம் என்றேன்.

“உன்னைக் கேட்டார்களா?”

“இல்லை.”

“அப்படியென்றால் முறையான ஒப்பந்தம்தான்” என்றார். காலைக் கழுவிக்கொண்டு காரில் ஏறி, வராதவராகவே போய்ச் சேர்ந்தார்.

மாசியில் துளை போட்டார்கள். கலங்கலாக வந்து, தெளிந்து, நின்றது தண்ணீர். பங்குனியில் மிளகாய் களத்தில் சிவப்பாகக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மாடுகளுக்கு ஓய்வே இல்லை. “மயிலை, குமாரலிங்கபுரத்தான் வீட்டுல ரெண்டு சோடி மாடு நிக்கிதாம்டா.” “செவலை, வைகாசியில நாள் பாத்துருவோமா?” இருபது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் நான்தான். விளைந்தால் படிப்பு என்ற வார்த்தையைச் செவலைகூட நினைவில் வைத்திருக்கவில்லை.

ஒரு நாள் இரண்டு பேரும் கிணற்றடியில் இருக்கும்போது போய் நடுவில் நின்றேன்.

“நான் மாட்டுக்கிட்டப் பேச வரலை. அய்யா, மொளகா வெளஞ்சிருச்சு. ஒங்க வார்த்தை என்னாச்சு?”

அய்யா செவலையைப் பார்த்தார்.

“அங்க என்ன பார்வை? பெரியய்யா, ஒங்களுக்கும் சேத்துத்தான். பி.டி. முடிக்காம மணையில உக்கார மாட்டேன். தூக்கி உக்கார வச்சா எந்திரிச்சு வந்துருவேன். பொண்ணு இல்லாத கல்யாணத்துல முதப் பந்தி என்ன, கடைசிப் பந்தி என்ன?”

“பாத்தியாடா மயிலை, டவுனுல படிக்கப் போன வாயை” என்றார் பெரியய்யா. “போரை அடைச்சுப்புட்டா என்ன செய்யும் இந்தக் கழுதை?”

“அடைச்சா ஒங்க பருத்தியுந்தான் காயும்.”

பெரியய்யா குனிந்து மயிலைக்கு மறுபடியும் உண்ணி பிடுங்க ஆரம்பித்தார். அய்யா செவலையின் கழுத்தைச் சொறிந்தபடி, “எலதானே வேணுங்கறாக. ஒரு வருசம் பொறுத்தா வாழ மரம் ஓடியா போயிரும்?” என்றார். என் பக்கம் திரும்பவில்லை. ஜூனில் மதுரைக்கு பஸ் ஏறினேன்.

இப்போது 1974. அருப்புக்கோட்டையில் டீச்சராக இருக்கிறேன். சண்முகவேல் மாற்றலாகிப் போய்விட்டார். அப்படி யாரும் வந்ததே இல்லை என்றுதான் அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. மயிலை செத்து, அதே பெயரில் வேறொரு காளை வந்திருக்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியய்யா அதனிடம், “எப்படா எல போடுறாக?” என்று கேட்கிறார்.

வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அந்த இலை விழும்வரை அவர் போரை அடைக்க மாட்டார். சாப்பிட்டு எழுந்த பிறகு வீம்புக்கு அடைக்க மாட்டார் என்பதற்கு என்ன நிச்சயம்?