ஸ்ப்ரூஸ் பிடிவாதம்

யுகுலேலே என்கிற நான்கு தந்திக் குட்டி கிட்டாரைச் செய்து விற்கும் அந்த ஆளுக்கு டொக்கு என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்தார்கள். கண்ணில் படும் பலகையை எல்லாம் விரல் முட்டியால் டொக்கென்று தட்டிக் காதைச் சாய்ப்பான். கதவு, மேஜை, பக்கத்து வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கிய அலமாரி, எதையும் விட்டுவைப்பதில்லை. தட்டிவிட்டுச் சும்மா வந்தாலும் பரவாயில்லை. செத்த மரம் என்று ஒரு தீர்ப்பையும் சொல்லிவிட்டுத்தான் வருவான்.

யுகுலேலேயின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது என்பது அவன் கட்சி. தந்தி என்னதான் அதிர்ந்தாலும், அதை வாங்கிக் காற்றில் விடுவது அடியில் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் பலகைதானே. அதற்கு ஸ்ப்ரூஸை விட்டால் வேறு மரம் கிடையாது என்பான். வெளிறிய நிறம், கனம் இல்லை, ஆனால் நல்ல விறைப்பு. தொட்டதும் கணீரென்று பேசும், அரங்கின் கடைசி நாற்காலி வரை போகும். மகாகனி மரத்தில் வேண்டும் என்று யாராவது கேட்டால் வேண்டா வெறுப்பாகச் செய்து கொடுப்பான். அது போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்குமாம்.

அவன் மனைவி அருமையாகப் பாடுவாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே பாட்டு தொடங்கிவிடும். இதெல்லாம் போன வருடம் வரை. அப்போது அவள் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டியில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் திரும்பி வந்த குரல் வேறு குரலாக இருந்தது. கீழே இறங்கிக் கரகரத்தது, மேலே போனால் உடைந்தது. இனி இவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதோடு அவள் பாடுவதை நிறுத்தினாள்.

டொக்குவால் அதைத் தாங்க முடியவில்லை. மருந்தால் ஆகாததை மரத்தால் ஆக்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு. அருமையான வாத்தியம் ஒன்று கையில் இருந்தால் வாய் தானாகத் திறக்காதா? பத்திரப்படுத்தி வைத்திருந்த ஸ்ப்ரூஸ் பலகையை எடுத்து ஒன்று செய்து கொடுத்தான். அவள் கொஞ்சம் மீட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சுவரில் மாட்டினாள். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று இவனே முடிவு கட்டிக்கொண்டான். அடுத்ததற்கு ரேகை இன்னும் நெருக்கமாக ஓடும் பலகையாகத் தேடி எடுத்தான், பலகைக்குத் தாங்கலாக உள்ளே ஒட்டும் குச்சிகளையும் மெலிதாகச் சீவினான். அதுவும் சுவருக்குப் போனது. மூன்றாவது வெண்கல மணி மாதிரி ஒலித்தது. வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, என்ன விலையானாலும் சரி என்று தலைகீழாக நின்றார். டொக்கு கொடுக்கவில்லை. அவள் அதைத் துடைத்து மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் மாட்டினாள்.

ஒருநாள் மச்சினன் வந்தான். அவள் தம்பி, வேன் ஓட்டுகிறவன், மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிறவன். சுவரைப் பார்த்துவிட்டு, கடையை வீட்டுக்கே மாற்றிவிட்டீர்களா என்று கிண்டலடித்தான். டொக்கு நான்காவதைப் பற்றி ஆரம்பித்தான். எந்தப் பலகை, எவ்வளவு மெலிது என்று அவன் சொல்லி முடிக்கும்வரை மச்சினன் பொறுமையாகக் கேட்டான்.

"எல்லாம் சரி மச்சான், அக்காகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஊரில் உள்ள மரத்தை எல்லாம் தட்டிக் கேட்டவனுக்குப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. மச்சினன் போனதும், கொஞ்சம் சிடுசிடுப்பாகவே கேட்டான். இந்த மூன்றில் என்ன குறை?

அவள் மூன்றாவதை இறக்கி, மீட்டிக்கொண்டே ஒரு வரி பாடினாள். வரி மேலே ஏற வேண்டிய இடத்துக்கு ஸ்ப்ரூஸ் முன்னாலேயே போய்க் கணீரென்று நின்றது. அவள் குரல் பின்னால் ஏறப் பார்த்து வழியில் உடைந்தது. அந்தப் பளிச்சென்ற ஒலிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு உடைசலும் அப்பட்டமாகக் கேட்டது. அவள் தந்திகள் மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"இன்னும் என் பழைய குரலுக்குத்தான் செஞ்சுகிட்டிருக்கீங்க. அது போயிடுச்சுங்க. நான் அழுது முடிச்சிட்டேன். நீங்கதான் இன்னும் வரும்னு உக்காந்திருக்கீங்க."

டொக்குவுக்குச் சுருக்கென்றது. எழுந்து பட்டறைக்குப் போய்விட்டான். மறுநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அவள் எப்போது அழுதாள்? அடுத்த அறையில் இழைப்புளியை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது எங்கே கேட்டிருக்கப் போகிறது. அதை நினைத்ததும் கோபம் போய் வெட்கம்தான் மிஞ்சியது.

பிறகு மகாகனியை எடுத்தான். இழைக்க இழைக்கத் தட்டிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் சீவினால் நன்றாகத் திறந்து பேசும் என்று தெரிந்தது. கை அரித்தது. ஆனாலும் சீவாமல் தடிமனாகவே விட்டான். தொழில் தெரிந்தவன் யாராவது தட்டிப் பார்த்தால் மானம் போய்விடும். போகட்டும் என்று ஒட்டினான். தந்திகளையும் ஒரு படி தாழ்த்திச் சுருதி சேர்த்தான்.

இந்த முறை ஒரு விளக்கமும் சொல்லாமல் அவளிடம் நீட்டினான். அவள் மீட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை மீட்டினாள். நின்றபடியே பாடத் தொடங்கியவள் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். குரல் வழக்கமான இடத்தில் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, உடைந்த குரலோடே அடுத்த வரிக்குப் போனாள். ஒரு வருடமாகத் தன் வீட்டில் இருந்த அந்தக் குரலை டொக்கு அன்றுதான் கேட்டான். கரகரப்பாக, தாழ்வாக, நன்றாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அடக்கப் பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்து மச்சினன் ஓடி வந்தான். அக்காவிடம் இரண்டு பாட்டு கேட்டு வாங்கிவிட்டு, டொக்குவின் பக்கம் திரும்பினான். மகாகனியை அவ்வளவு திட்டுவீர்களே, இப்போது எப்படிப் பேசுகிறது என்று கேட்டான். டொக்கு பதில் சொல்ல வாயெடுத்து, யோசித்துப் பார்த்தான்.

"தெரியலடா. நான் அதைக் கேக்கவே இல்ல."