நாலாவது அட்டை

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, அட்டைகளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள் மூத்தவள். தங்கை எறும்பு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்து வருவதற்குள் இன்றைய நாள் சுவரில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்று இந்த வீடு தாங்காது.

அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். கூடத்துக் கட்டிலில் அவள் உடல்மேல் கழுத்துவரை போர்வை. மூலையில் மேசை விசிறி தலையைத் திருப்பித் திருப்பி வீசிக்கொண்டிருந்தது. காற்று கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் போர்வை மெல்ல எழுந்து தணிந்தது. மூத்தவள் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தாள். தூங்கிப் பல நாளான கண்ணுக்குச் சுவர்கூட மூச்சு விடுவது போலத்தான் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி வந்து நின்றது. கை தன் பாட்டுக்கு அட்டை எடுத்தது, டேப் போட்டது, அடுத்ததை எடுத்தது. எல்லாம் யாரோ தூரத்தில் செய்துகொண்டிருப்பது போல இருந்தது.

எறும்பு என்பது அப்பா வைத்த பெயர். ஒன்பது வயது. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். எழுத்துகள் அவளுக்குத் தண்ணீருக்குள் போட்ட காசு மாதிரி நெளியும். வாயால் சொன்னால் பாதி வாக்கியத்திலேயே எங்கோ போய்விடுவாள். அவளுக்காகத்தான் மூத்தவள் சிறப்புக் கல்வி எடுத்துப் படித்தாள். அந்தக் குடும்பத்திலேயே கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். படித்து வந்து செய்தது ஒன்றும் பெரிய மாயமில்லை. எழுத்து வேண்டாம், படம். ஒரு நேரத்துக்கு ஒரு வேலை. வேலை முடிந்தால் அந்த அட்டையை எறும்பே பிய்த்து, கீழே தொங்கும் துணிப்பையில் போடுவாள். பிறகு அடுத்த படம். இதைப் பள்ளிக்கூடத்தில் புரியவைக்கத்தான் மூத்தவள் படியேறிப் படியேறிச் செருப்பைத் தேய்த்தாள். "ஒருத்திக்காக நான் தனிக் கச்சேரி வைக்க முடியுமா?" என்றார் வகுப்பு டீச்சர். எறும்பு பாதி நாள் வராந்தா பெஞ்சில்தான் இருந்தாள். வராந்தாவில் என்ன பாடம் நடக்கிறது என்று மூத்தவள் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு வந்தாள்.

அப்பா சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர். இன்னும் காக்கிச் சட்டையை மாற்றவில்லை.

"இன்னிக்கும் படமா?"

"இன்னிக்குத்தாம்பா வேணும்."

அவர் மடக்கு நாற்காலிகளை எடுத்துவர உள்ளே போனார்.

பெரியம்மா வந்ததும் அழுதாள். அழுது முடித்த கையோடு மூத்தவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சின்னதைக் கீழ் வீட்ல விட்டுடு. டிவி போட்டு உட்கார வைப்பாங்க."

"அவளுக்கும் அம்மாதான் பெரியம்மா."

"யாருடி இல்லைன்னா? நாலு பேர் வந்து போற இடத்துல பம்பரம் மாதிரி சுத்துனா நல்லாவா இருக்கும்? உன்னால அவளை உட்கார வைக்க முடியுமா?"

"முடியும்."

"படிச்ச பொண்ணு, சொல்லிட்ட. பார்ப்போம். ஒரு தடவை ஆட்டம் போட்டாலும் நானே தூக்கிட்டுப் போயி கீழ விட்டுடுவேன். அப்புறம் வண்டி போனப்புறம்தான் மேல வருவா. என்னைக் கேக்கக் கூடாது."

எறும்பு எழுந்து வந்ததும் மூத்தவள் முட்டிபோட்டு, அவள் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துச் சொன்னாள். தூங்குகிறாள், சாமிகிட்டப் போனாள் என்றெல்லாம் மழுப்பக் கூடாது. அப்படித்தான் படித்திருந்தாள்.

"அம்மா செத்துப் போயிட்டா."

"சரி" என்றாள் எறும்பு. அவள் கண் சுவருக்குப் போய்விட்டது. விரலால் ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசி அட்டையில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முகம் கழுவி வந்து, முதல் அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டாள். சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்கள் சோப்பு வாசனையோடு வந்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்றார்கள், போனார்கள். பேச்சு வேறு யார் வீட்டிலோ கேட்பது போல் மூத்தவளுக்குக் கேட்டது. வெளிச்சம் தரையில் நகர்ந்து கட்டில் காலைத் தொட்டது. எறும்பு நகரவில்லை. பெரியம்மாவே ஒருமுறை வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

மத்தியானம் வகுப்பு டீச்சர் வந்தார். கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்தார். அப்பா போட்ட மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எறும்பைப் பார்த்தார்.

"எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கா. ஸ்கூல்ல இதுல பாதி நேரம் உட்கார்ந்தாப் போதும். நான் ஏன் வராந்தாவுக்கு அனுப்பப் போறேன்?"

"அங்கயும் நாலு அட்டை ஒட்டியிருந்தா உட்கார்ந்திருப்பா டீச்சர்."

பெரியம்மா பின்னாலிருந்து மூத்தவளின் முதுகைக் கிள்ளினாள். கிள்ளட்டும். சாவு வீட்டில் நின்றுகொண்டு ஜெயித்தது போல் இருந்தது மூத்தவளுக்கு. வெட்கமாகவும் இல்லை.

எறும்புக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் குனிந்தாள்.

"வண்டி எப்ப வரும்?" என்று எறும்பு ரகசியமாகக் கேட்டாள்.

"இப்ப வந்துடும்."

"சீக்கிரம் வரச் சொல்லு. காலெல்லாம் குறுகுறுங்குது. அம்மா வந்ததும் ஓடலாம்ல?"

மூத்தவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

ஆட்கள் வரும் அட்டையை எறும்பு உட்கார்ந்தபடியே பிய்த்துப் பையில் போட்டிருந்தாள். இன்னும் இரண்டு அட்டைகள் மிச்சம் இருந்தன. ஒன்றில் வெள்ளை வண்டி. அடுத்ததில் திறந்த கதவும், கையில் பையோடு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணும். அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போன நாட்களின் வரிசை அது. முகம் கழுவு. ஆட்கள் வருவார்கள். வண்டி வரும். அம்மா வீட்டுக்கு வருவாள். பழக்கப்பட்ட கை அதையே எடுத்து ஒட்டியிருக்கிறது. வாய்ச்சொல் எறும்பிடம் நிற்காது, சுவரில் இருப்பதுதான் நிற்கும் என்று பள்ளியில் தொண்டை வற்றக் கத்தியவள் அவள்தான். அந்தச் சுவர் எறும்பிடம் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

கூடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டது போலவும், எல்லோருடைய வாயும் சத்தமில்லாமல் அசைவது போலவும் இருந்தது. விட்டுவிடலாம். வண்டி வரும், அம்மாவை எடுத்துக்கொண்டு போகும், எறும்பு சமத்தாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் மெச்சுவார்கள். இப்போது சொன்னால் அவள் எழுந்து ஓடுவாள், பெரியம்மா தூக்கிக்கொண்டு போவாள்.

மூத்தவள் நாலாவது அட்டையைப் பிய்த்தாள்.

"அதை ஏன் எடுக்கற? அது இன்னும் முடியலை."

"தப்பா ஒட்டிட்டேன்."

"நீ தப்பா ஒட்டமாட்டியே."

"இன்னிக்கு ஒட்டிட்டேன்டி. அம்மா இந்த வண்டில போனா திரும்பி வரமாட்டா."

எறும்பு அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். மூத்தவள் அவளைக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஏய், வேணாம்" என்றாள் பெரியம்மா. மூத்தவள் காதில் வாங்கவில்லை. போர்வையை விலக்கி, அம்மாவின் கைமேல் எறும்பின் கையை வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு."

"ம்."

"ஆனா மூச்சு விடறாளே" என்றாள் எறும்பு, போர்வையைக் காட்டி.

மூத்தவள் போய் விசிறியை நிறுத்தினாள்.

இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன. போர்வை கடைசியாக ஒருமுறை எழுந்து, அம்மாவின் மேல் அப்படியே படிந்தது. எறும்பு அதையே பார்த்தாள். மறுபடி எழும் என்று காத்திருந்தாள். கூடமே அவளோடு சேர்ந்து காத்திருந்தது. டீச்சர்கூடப் போர்வையைத்தான் பார்த்தார்.

எறும்பு கையை எடுத்தாள். அம்மாவின் தலைமாட்டிலிருந்து சமையலறை வாசல்வரை நடந்தாள். சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுத்த சுற்றில் ஓடினாள். ஒரு நாற்காலியில் இடுப்பை இடித்துக்கொண்டாள், நிற்கவில்லை. வாயைத் திறந்திருந்தாள். சத்தம் வரவில்லை. காலடி மட்டும் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெரியம்மா எழுந்தாள். மூத்தவள் அவளுக்குக் குறுக்கே போய் நின்றாள். "நகருடி" என்றாள் பெரியம்மா.

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. அப்பா எழுந்தார். எறும்பைப் பிடிக்கத்தான் எழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தன்னைக் கடந்து ஓடும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்தினார். அடுத்ததையும் மடக்கினார். பெரியம்மாவின் காலி நாற்காலியையும் எடுத்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க டீச்சர். அவ ஓடட்டும்" என்றார்.

டீச்சர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, சுவரோடு சுவராக நின்றார். அப்பா அந்த நாற்காலியையும் மடக்கினார்.