பதினான்காம் விளக்கு

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பகல் 12.52. மழை விட்டு அரைமணி நேரமாகியும் தாழ்வாரத்துச் சன்னல் கம்பிகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேர்வு அலுவலகத்தின் இணைப்புகளைப் பராமரிப்பவளும், அந்தக் காரணத்தால் எல்லோராலும் ஒயரம்மா என்றே அழைக்கப்படுபவளுமான அவள், கண்ணாடிக் கதவிட்ட இரும்புப் பெட்டியின் எதிரே நின்றிருந்தாள். பெட்டிக்குள், அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். அதில் கேபிள் செருகும் இருபத்துநான்கு போர்ட்டுகள். ஒவ்வொன்றின் தலைமேலும் அரிசிமணி அளவில் ஒரு பச்சை விளக்கு.

பதினான்காவது, வினாத்தாள் தட்டச்சு செய்யும் அவளுடைய அண்ணியின் கணினிக்குப் போவது. கணினியை அணைத்துவிட்டுத்தான் அண்ணி சாப்பிடப் போவாள். அணைத்த கணினியின் விளக்கு நாள்தோறும் ஒன்று பத்துக்குச் சிமிட்டுகிறது. ஆகவே வினாத்தாள் வெளியே போகிறது. கண்காணிப்பாளர் வந்தடைந்த முடிவு இது. முடிவுக்கு வருமுன் அவர் இருபத்தொரு வேலைநாள்கள் பெட்டியின் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, மணி நிமிடத்தோடு குறிப்பேட்டில் எழுதியிருந்தார். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. பணிநீக்க ஆணை இயக்குநரின் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கெடு இரண்டு மணி.

“நீ பேசினா எடுபடாதும்மா,” என்றாள் அண்ணி. அவளுடைய சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படவே இல்லை. “நாத்தனாரே அண்ணிய நல்லவன்னு சொன்னா, ஊருக்குச் சந்தேகம்தான் வரும்.”

“நான் வாயே தெறக்கல அண்ணி. பெட்டி பேசட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, பெட்டி என்ன பேசும் என்பது அவளுக்கே பாதிதான் தெரியும். அந்தப் பாதியை அவள் குறிப்பேட்டிலிருந்துதான் பெற்றிருந்தாள். இருபத்தொரு பக்கங்களிலும் பதினான்கைத் தவிர வேறோர் எண் இல்லை.

ஒன்று ஐந்துக்குக் கண்காணிப்பாளர் நாற்காலியோடும் இயக்குநரம்மாவோடும் வந்தார். “ஒயரம்மா, நீங்க உறவு. பெட்டியில கை வைக்கக் கூடாது.”

“கையக் கட்டிக்கிறேன் சார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பதினால விட்டுட்டு மூணப் பாருங்க.”

மூன்று அவருடைய சொந்த அறை. ஒன்று பத்து. பதினான்கு சிமிட்டியது, மூன்றும் சிமிட்டியது. முன்னால் குனிந்தவரின் மூக்குக்கண்ணாடி பெட்டியின் கண்ணாடியில் மோதியது. இணைப்புள்ள விளக்குகள் யாவும், ஒரே நொடியில், ஒரே இமையாகச் சிமிட்டின.

“என் கம்ப்யூட்டர நானே அணைச்சேனே!”

“அண்ணியும் அணைச்சாங்க சார். கம்ப்யூட்டர் தூங்கும், அதோட காது தூங்காது. கேபிள்ல அது பேசினாலும் விளக்கு சிமிட்டும், அதுகிட்ட யாராவது பேசினாலும் சிமிட்டும். தெருவுல ஒருத்தர் கூவினா எல்லா வீட்டுக் கதவுலயும்தான் சத்தம் விழும். அதுக்காக எல்லா வீட்டுக்காரங்களும் பதில் சொன்னாங்கன்னு எழுதலாமா?”

“அது சரி,” என்றார் இயக்குநர். “கூவுறது யாரு?”

அந்த மறுபாதி அவளிடம் இல்லை. சொல்ல முடியாவிட்டால் சந்தேகம் அப்படியே நிற்கும். சந்தேகம் நின்றால் ஆணையில் கையெழுத்தும் விழும். விளக்குகளையே வெறித்தாள். தாழ்வாரத்தின் கோடியில், சாப்பிட்டுத் திரும்பியவர்கள் வருகைப்பதிவு எந்திரத்தில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ‘டிட்.’ விளக்குகள் சிமிட்டின. ‘டிட்.’ மறுபடியும் சிமிட்டின.

அவள் சட்டெனத் திரும்பினாள். “அண்ணி, ஓடுங்க! விரல் வைங்க!”

அண்ணி ஓடினாள். ‘டிட்.’ வரிசை முழுவதும் சிமிட்டியது.

“பாத்தீங்களா, அவங்க தொட்டா சிமிட்டுது!” என்றார் கண்காணிப்பாளர், பழக்கதோஷத்தில்.

“அப்ப நான் தொடறேன்,” என்று இயக்குநர் செருப்புச் சத்தம் அதிரப் போனார். ‘டிட்.’ மீண்டும் அதே சிமிட்டல். கண்காணிப்பாளர் பெட்டியின் கதவைத் திறந்தார். எந்திரத்தின் கேபிளைத் தம் கையாலேயே ‘வருகை’ என்று ஒட்டியிருந்த இருபத்திரண்டாம் போர்ட்டிலிருந்து பிடுங்கினார். “இப்ப வைங்க மேடம்!” ‘டிட்’ என்று கேட்டது, ஒரு விளக்கும் அசையவில்லை. செருகினார், சிமிட்டின. பிடுங்கினார், நின்றன. கூடிவிட்ட ஊழியர்கள் கைதட்டினார்கள். ஐந்தாம் முறை அவர் பிடுங்கியது சோதனைக்காக அல்ல, ஆசைக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒயரம்மா மட்டும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தாள். பிப்ரவரி 10, திங்கள். முந்தைய சனிக்கிழமைதான் அவள், வருகைப்பதிவுகளைச் சேமிக்கும் சர்வரை மாடிக்கு மாற்றினாள்.

அவள் மட்டும் அறிந்த உண்மை அது. சொல்லாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

“சார், தப்பு என்னோடது. சர்வரோட புது முகவரிய அந்த எந்திரத்துக்குச் சொல்ல மறந்துட்டேன். அன்னையிலேருந்து ஒவ்வொரு விரலுக்கும் அது ‘சர்வர் எங்க, சர்வர் எங்க’ன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கு.”

“அடிப்பாவி!” என்றாள் அண்ணி. “எனக்குக் குழி வெட்டினது நீதானா?” சொல்லிக்கொண்டே, நான்கு வாரங்களில் முதல் முறையாக, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

கண்காணிப்பாளர் கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, அவளிடமிருந்து குறிப்பேட்டை வாங்கி மூடினார். “நான் எழுதினதுல ஒரு பிழையும் இல்ல.”

“ஒன்னுகூட இல்ல சார். மத்த விளக்குங்கதான் விட்டுப்போச்சு.”

இயக்குநர் அறைக்குள் போய் ஆணையோடு திரும்பினார். “பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. புகார் குடுத்தவரே எழுதுங்க.”

கண்காணிப்பாளர் நாற்காலியில் அமர்ந்து, மடிமேல் குறிப்பேட்டை வைத்து, அதன்மேல் தாளை விரித்தார். எழுதினார்: புகார் திரும்பப் பெறப்படுகிறது; ஆணை இரத்து. தேதி, மணி, நிமிடம் மூன்றையும் இட்டார். இயக்குநர் கையெழுத்திட்டதும் அதன் கீழே தம் கையெழுத்தைப் போட்டு, மை உலர ஊதி, எழுந்து நின்று அண்ணியிடம் நீட்டினார். அவள் பெற்றுக்கொண்டாள். கோடியில் யாரோ தாமதமாக வந்து விரல் வைத்தார்கள். ‘டிட்.’ பெட்டிக்குள் பச்சை வரிசை சிமிட்ட, கண்காணிப்பாளரின் கை தானாகவே சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குப் போனது.