எட்டாவது கிழமை

என் வீட்டுக்காரர் நல்லப்பனுக்குப் பத்து வருஷமாகப் பிரஷர். சென்னையில் இருக்கும் எங்கள் மகள் மாலா எதையோ படித்துவிட்டு, இரத்தக் குழாய் கெட்டால் ஞாபகமும் கெடும், அப்பாவைப் பரிசோதித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தேறாவிட்டால் பர்மாவில் இந்த யாங்கோன் வீட்டைப் பூட்டி எங்களைச் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவாளாம். இவரோ இதே ஊரில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பிறந்தவர். செத்தாலும் இங்கேதான் என்பவர்.

வீடியோவில் மாலா ஏற்பாடு செய்த சென்னை டாக்டர் சுப்பிரமணியம் வந்தார். பக்கத்துக் கட்டத்தில் மாலா. நான் குறுக்கே பேசக்கூடாது என்று உத்தரவு. வாய்க்குத்தானே உத்தரவு, உதட்டுக்கு இல்லையே. இன்றைக்கு என்ன கிழமை என்று அவர் கேட்டதும், போனுக்குப் பின்னால் நின்று புதன் என்று உதட்டை அசைத்தேன்.

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

"ராகு," என்றார்.

அது கிரகம் ஐயா, கிழமையைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இவர் அசையவில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் என்றதற்கு எட்டு என்றார். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், எட்டு எட்டாகவே கழிக்கிறேனே என்று தொண்ணூற்றிரண்டு, எண்பத்துநாலு எனச் சரசரவென்று இறங்கி நாலில் போய் நின்றார். டாக்டர் என்னவோ எழுதிக்கொண்டார். மாலா கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கினேன். பர்மாவில் புதன் நண்பகலோடு முடிந்துவிடும், அப்புறம் ராகு. பகோடாவைச் சுற்றி எட்டு மூலை, எட்டுக் கிழமை, கிழமைக்கொரு மிருகம். காலைப் புதனுக்குத் தந்தமுள்ள யானை, மதியத்துக்குத் தந்தமில்லாத யானை என்று பொரிந்து தள்ளினேன். டாக்டர் விரல்விட்டு எண்ணினார். அந்த யானைக்கு ஏன் தந்தம் இல்லை என்று கேட்டார். இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் என்றேன். எனக்குத் தெரியாது.

கடைசியில் டாக்டர் ஒத்துக்கொண்டார். "சரிம்மா, எட்டாவே இருக்கட்டும். ஆனா இன்னைக்கு வியாழக்கிழமை."

போச்சு. மனுஷனை நானே கவிழ்த்துவிட்டேனே. இவர் என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார்.

"வியாழன்னு எனக்குத் தெரியும் டாக்டர். அவ புதன்னு காட்டுனா. மக முன்னாடி அவளைத் தப்புன்னு சொல்ல மனசு வரல. அவளுக்கும் பிரஷர் இருக்கு. இப்ப இங்க மாத்திரை கிடைக்கிறது கஷ்டம். கிடைக்கிறதை எனக்குக் குடுத்துட்டு, அவ போட்டு மூணு மாசமாச்சு. பாக்கறதுன்னா அவளைப் பாருங்க."

எனக்குப் பிரஷர் என்று மாலாவிடம் நான் மூச்சுவிட்டதில்லை. மாத்திரை போடாதது இவருக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பேன் என்றார். பூ, இவ்வளவுதானா என்று சிரித்தேன். கேட்டபோது மூன்றுதான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். வரவே இல்லை.

இவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாலா," என்றார், "ரெண்டு டிக்கெட் போடும்மா."