பன்னிரண்டு டன் சுவர்

முதல் வரிசைக்குப் பின்னால், கேள்வி கேட்பவர்களுக்கான மைக்குக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள் பஞ்சவர்ணம். டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வந்திருந்தாள். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு வேளைப் பசியெல்லாம் ஒரு பொருட்டா.

மேடையில் சுரேந்தர். சும்மா சொல்லக்கூடாது, ஆள் பேச்சில் படு கெட்டிக்காரன். அணுசக்தியில் ஓடும் விமானத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். எரிபொருள் போடாமல் வாரக்கணக்கில் பறக்கலாமாம். ஒரே தொல்லை, அணு உலையின் கதிர்வீச்சு விமானியைக் கொன்றுவிடும். தடுக்கச் சுவர் வைத்தால் எடை தாங்காது என்றுதான் மேல்நாட்டுக்காரர்கள் திட்டத்தையே கைவிட்டார்களாம். "என் கணக்குப்படி உலைக்கும் விமானிக்கும் நடுவே பன்னிரண்டு டன் சுவர் ஒன்று போதும்" என்று சொல்லி, கைத்தட்டலுக்காக நிறுத்தினான். கைத்தட்டலும் வந்தது.

என் கணக்காம்.

அது பஞ்சவர்ணம் போட்ட கணக்கு. 1989இல் இதே மைசூரில் இருவரும் எம்.ஃபில். படித்தபோது, சொந்த ஊரான ஹனூரில் அப்பா காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்க, இவள் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்டது. இரண்டு நாளில் தருகிறேன் என்று நோட்டை வாங்கிப்போன சுரேந்தர், சிட்டி பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். இவளும் போனால் போகிறது என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள், மடச்சி. ஆறு மாதம் கழித்து அவன் பெயரில் கட்டுரை வந்தது. அவள் விண்ணப்பித்திருந்த கல்லூரி வேலையும் அந்தக் கட்டுரையைக் காட்டி அவனுக்கே கிடைத்தது. நியாயம் கேட்கப் போனவளிடம், ஆதாரத்துக்கு நோட்டைக் கொண்டுவா என்றார்கள். நோட்டுதான் அவனிடம் இருந்ததே.

ஒன்று மட்டும் சுரேந்தருக்குத் தெரியாது. நோட்டு போன மறுவாரம், பழைய அமெரிக்க அறிக்கை ஒன்றைப் புரட்டும்போது, தன் கணக்கே தப்பு என்று பஞ்சவர்ணம் கண்டுபிடித்திருந்தாள். உலையின் பக்கவாட்டில் வெளியேறும் கதிர்வீச்சு அப்படியே போய்விடாது. காற்றில் மோதிச் சிதறி, விமானியிடமே திரும்பி வரும். மிளகாய் வறுக்கும்போது அடுப்படிக் கதவை மட்டும் சாத்தினால் நெடி ஜன்னல் வழியாகச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வராதா, அதே கதைதான். விமானியைச் சுற்றிலும் சுவர் எழுப்பவேண்டும். எழுப்பினால் அந்த எடையோடு விமானம் தரையை விட்டுக் கிளம்பாது.

அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் உழைப்பைத் திருடியவன் என் தப்பையும் சேர்த்தே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சின்ன மேடையில் விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். எழவே முடியாத மேடை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அது இன்று வந்தது. பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவிக்கு ஆள் எடுக்கும் குழுவின் தலைவர் நஞ்சுண்டசாமி, சுரேந்தரை எடைபோடவே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொள்ளேகாலத்துக்காரர். வீட்டில் கன்னடம்தான், ஆனால் தமிழும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

கேள்வி நேரம் வந்ததும் பஞ்சவர்ணம் முதல் ஆளாக எழுந்து மைக்கைப் பிடித்தாள். அவளைக் கண்ட சுரேந்தர் பேயறைந்தவன் போல ஆனான். பக்கவாட்டில் போகும் கதிர்வீச்சு காற்றில் மோதித் திரும்பி வருவதை கட்டுரையின் எந்தப் பக்கத்தில் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள்.

சுரேந்தர் தாள்களைப் புரட்டினான். முன்னும் பின்னும் புரட்டினான். நஞ்சுண்டசாமி கண்ணாடியைக் கழற்றி, தனக்கும் அதே சந்தேகம்தான் என்றார்.

சுரேந்தருக்கு ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது. "பஞ்சவர்ணம், இங்க பேடா, வேணாம். அப்புறம் பேசிக்கலாம்" என்று அவன் முணுமுணுத்ததை மைக் அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

"அப்புறம் எதுக்கு? இந்தத் தப்பு உன்னுதுதானான்னு சொல்லு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீன்னா நான் பேசாம உக்காந்துக்கறேன்."

சத்தியமாக உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தை அவனைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நஞ்சுண்டசாமி கையிலிருந்த தாளில் ஏதோ எழுதத் தொடங்கியதை அவன் பார்த்துவிட்டான். கைக்கு எட்டிய பதவி கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது.

"என் தப்பில்ல சார்," என்றான் பதறிப்போய். "நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு."

நஞ்சுண்டசாமியின் பேனா நின்றது. "யார் நோட்டுப்பா?" என்று தமிழிலேயே கேட்டார்.

சுரேந்தர் தாள்களை அள்ளிச் சேர்க்கத் தொடங்கினான்.

"என்னுதுங்க ஐயா. அந்தத் தப்பும் என்னுதுதானுங்க," என்றாள் பஞ்சவர்ணம். பிறகு மேடையைப் பார்த்தாள். "பஸ்ஸுல தொலஞ்சுபோச்சுன்னியே சுரேந்தர். எப்பக் கெடச்சுது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.