கடிபட்ட மூலை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன சனிக்கிழமை, அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் ஊர் தேவாலயக் கூடத்தில், பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளை வாங்கி விற்கும் சந்தை. நானும் மேசை போட்டிருந்தேன்; பக்கத்து மேசை, அட்டை விற்கும் வெர்னுடையது. அங்கே நடந்ததைப் பார்த்து வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். நிதானமான நடை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: 'மைதானத்துப் புல்லின் மேல் இளவெயில்...' (சீ! வெயிலுக்கு இங்கே என்ன வேலை?)

இரண்டாவது: ஆர்லன் ஸ்டுகி, பெரிய அணிகளுக்குக் கீழே இருக்கும் சின்ன லீக்கில் பந்துவீச்சாளர். அறுபது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது சாசேஜ் இறைச்சிப் பொட்டலத்துக்குள் வீரர்களின் பட அட்டையைப் போட்டு விற்பார்கள். ஆர்லனின் அட்டை அச்சான வாரமே அணி அவரைக் கழற்றிவிட்டது. அட்டைகள் குப்பைக்குப் போயின, தப்பியவை சில. அதனால்தான் இன்று அட்டை சேகரிப்பவர்கள் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள். ஆளைத் துரத்திவிட்டு, அவர் படம் அரியது என்று கொண்டாடுவதா? என்ன நியாயம் இது?

3

வெர்ன் மேசைக்கு ஆர்லனின் மகள் லோரெட்டா வந்தார். அறுபது வயதிருக்கும்.

"எங்கப்பா கார்டு உங்ககிட்ட இருக்காமே? ஒரு மூலை கடிபட்டிருக்கும். பல்லு முளைக்கிறப்போ நான் கடிச்சது. சாகுறவரைக்கும் பர்ஸ்லயே வச்சிருந்தாரு. என் தம்பி தெரியாம பெட்டியோட வித்துட்டான்."

வெர்னுக்கு வாயெல்லாம் பல். "அதேதான் மேடம்! எவ்ளோ கேவலமா இருந்துச்சு தெரியுமா? நாலு பக்கமும் நறுக்கிட்டேன். இப்ப மூலையைப் பாருங்க, சும்மா கத்தி மாதிரி!"

(அடிக்குறிப்பு: அட்டைகளுக்குத் தரச் சான்று கொடுப்பவர்கள், ஓரம் நறுக்கிய அட்டையைச் சான்று தராமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பெருமையடிக்கப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.)

"நறுக்குன துண்டு?" என்று கேட்டார் லோரெட்டா.

"குப்பையில போட்டேன். அது எதுக்கு உங்களுக்கு?"

இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்பீர்கள். நானும் அவனை நல்லவனாக்கிப் பார்த்தேன். 'பாவம் வெர்ன், அவனுக்கும் ஒரு...' (முடியவில்லை. போங்கள்.)

4

முடிவு ஒன்று: லோரெட்டா அழுதுகொண்டே போகிறார். இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவர் ஏன் அழ வேண்டும்?

முடிவு இரண்டு: வெர்ன் மன்னிப்புக் கேட்டு அட்டையைச் சும்மா கொடுக்கிறான். உங்களுக்கு வெர்னைத் தெரியாது.

மூன்று: "கையில வாங்கிப் பாக்கலாமா?" என்றார் லோரெட்டா. வெர்ன் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அந்தக் கூரான மூலையைத் தடவினார். பிறகு அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஏய்! ஏய்! என்ன பண்றீங்க?"

இங்கே எழுதுவதை நிறுத்துகிறேன். வெர்ன் அவரிடம் போக வேண்டுமென்றால் என் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எழுந்திருக்கப் போவதில்லை. அட்டை அவர் பல்லிடுக்கில் இருக்கிறது. அவர் கடிக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.