கடைசி அடியில் ஒரு பெயர்

கோவிந்தப்பன் பாடிய கீர்த்தனைகளையெல்லாம் இயற்றியவள் அவர் மனைவி நாகம்மாதான். தொரப்பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. சரணத்தின் கடைசி அடியில் அவர் பெயரே முத்திரையாக இருக்கும். மறுநாள் பெங்களூர் ரேடியோவில் அவர் பாடவிருந்த புதுப் பாட்டில் மட்டும் அவள் தன் பெயரை எழுதியிருந்தாள்.

கூடத்தில் பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது. சரணம் முடியுமுன் தம்புரா நின்றது. களி கிண்டிய அவள் கையும் நின்றது.

நோட்டோடு வந்தவர் குரலில் கோபமே இல்லை.

“நாகு, இத வேற எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா?”

“இல்லீங்க.”

“யாருக்காச்சும் பாடிக் காட்டினியா?”

“இல்லீங்க.”

“நல்லதாப் போச்சு.”

அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். அது கருகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்த அவள் உதடுகளையே பார்த்தார்.